மேஸ்திரி அண்ணன் எதையும் மறைக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஊர்க் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அங்கே பேசியதன் காணொளியை ஆளாளுக்குப் பகிர்ந்து, "உண்மைதானே" என்று கீழே எழுதுவதைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பழைய ஆட்கள் தொழிலை மறைத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம், அதனால்தான் இப்போது ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் நம் ஊர்ப் பூக்கல், சரியாக வருவதில்லையாம். யாரைச் சொன்னார்கள் என்பது ஆத்தங்குடியில் எல்லோருக்கும் தெரியும்: பட்டறை வேலையை விட்டுப் போன மேஸ்திரி அண்ணனை.

மேஸ்திரி அண்ணன் எதையும் மறைக்கவில்லை. அவரிடம் கற்றுக்கொள்ள, பட்டறை நடத்துகிற நீங்கள் ஆள் வைக்கவில்லை.

அவர் வேலை பார்த்த பட்டறையில் கணக்கு எழுதியவன் நான். அங்கே எண்ணிக்கைக்குத்தான் கூலி. ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தால், அன்றைக்கு அண்ணன் போடும் கல் குறையும், கூலியும் குறையும். பையன் உடைக்கிற கண்ணாடிக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுத்த நேரத்துக்கென்று ஒரு ரூபாய்கூட என் பேரேட்டில் ஏறியதில்லை. அப்படியும் அவர் சொல்லிக்கொடுத்தார், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்.

பார்க்கிறவர்களுக்கு இந்தத் தொழில் எளிதாகத் தெரியும். கண்ணாடி மேல் சட்டமும் அச்சும் வைத்து, கரண்டியால் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் தட்ட வேண்டும். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்க வேண்டும். கண்ணாடி கழன்றுகொள்ளும், அதன் பளபளப்பு கல்லில் இருக்கும். சூளை கிடையாது. இவ்வளவையும் யார் வேண்டுமானாலும் ஒரு தாளில் எழுதிவிடலாம்.

ஆனால் ஆடிக் காற்றில் கலவைக்கு எவ்வளவு தண்ணீர், ஐப்பசி ஈரத்தில் எவ்வளவு? அண்ணன் ஒரு கரண்டி மோந்து, உயரத்திலிருந்து திரும்ப ஊற்றி, விழுகிற தாரையைப் பார்ப்பார். சில நாள் ஒரு கை தண்ணீர் விடுவார். சில நாள் "இன்னும் கலக்குடா" என்பதோடு சரி. தண்ணீர் கூடிப்போனால் பச்சை வண்ணம் மஞ்சள் வண்ணத்துக்குள் ஓடி பூ கலங்கிவிடும். இதை எந்த நோட்டில் எழுதித் தருவார்?

"வீடியோ எடுத்துத் தரச் சொன்னோமே" என்பீர்கள். தந்தாரே! வாட்ஸப் குழுவில் போட்டீர்கள், எல்லோரும் கும்பிடு போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து கரண்டி பிடிக்க ஒரு பையனையாவது அனுப்பினீர்களா?

ஜப்பானில் மட்சுஷிதா கம்பெனி, அதாவது இன்றைய பானசோனிக், 1980களில் வீட்டிலேயே ரொட்டி சுடும் இயந்திரம் செய்ய முயன்றது. மாவு பிசைவது சரியாக வரவில்லை. மென்பொருள் வேலை பார்த்த ஒரு பெண், ஒசாகாவில் ரொட்டிக்குப் பேர்போன ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்த் தொழில் பழகினார். கூடவே நின்று பிசைந்த பிறகுதான், அவர் மாவை இழுப்பதோடு முறுக்கவும் செய்கிறார் என்று பிடிபட்டது. 1987இல் இயந்திரம் கடைக்கு வந்தது. ரொட்டிக்காரர் தொழிலை மறைக்கிறார் என்று அங்கே யாரும் மேடை போட்டுப் பேசவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடிப் பையனாகப் போனவர். அப்புறம் அடுத்தாள், அதாவது மேலாளுக்கு அடுத்த நிலை. அப்புறம் கடையையே நடத்தும் மேலாள். மூன்று வருடக் கணக்கு முடிந்து மேலாள் ஊர் திரும்பினால் இன்னொருவர் வந்து கடையை ஒப்புக்கொள்வார். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், யார் சொன்ன தேதியில் திருப்புவார் என்பதெல்லாம் கூடவே இருந்த பையன்களுக்கும் பழகியிருக்கும். ஓர் ஆள் போய்விட்டதால் கடை தடுமாறியதில்லை. இதே செட்டிநாட்டில்தான் இன்று ஒரே ஆளின் கையை நம்பி ஒரு பட்டறையை நடத்திவிட்டு, அவர் போனதும் அவர்மேல் பழி போடுகிறார்கள்.

எல்லா மேஸ்திரியும் இப்படியா என்று கேட்பீர்கள். இல்லை. வண்ணம் கலக்கும்போது முதுகைக் காட்டி நிற்பவரையும் பார்த்திருக்கிறேன். பையன் கற்றுக்கொண்டால் தன்னை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை உண்டாக்கியது யார்?

"நீ அவருக்கு வேண்டியவன், அதனால் பேசுகிறாய்" என்றும் வரும். ஆமாம், வேண்டியவன்தான். எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, தவறியபோது வேலையைப் போட்டுவிட்டு வந்து, காரியம் முடியும்வரை எங்கள் வீட்டு முகப்பிலேயே இருந்தவர் அவர். அப்படிப்பட்டவரை ஊர்க் கூட்டத்தில் திருடன் மாதிரிப் பேசினால் எனக்கு வலிக்காதா? வேலையை விட்ட அன்று பொன்னாடை போர்த்திப் படம் எடுத்தீர்கள். சாயங்காலம் கணக்கை முடித்து அனுப்பினீர்கள். "அண்ணே, வாரத்துக்கு ஒரு நாள் வந்து பையன்களோடு உட்காருங்கள், அதற்குச் சம்பளம் தருகிறோம்" என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அவர் வீடு ஒன்றும் தூரத்தில் இல்லை. இரண்டு பையன்களுக்கு நாள்கூலி கொடுத்து அவரிடம் அனுப்புங்கள், அவருக்கும் கொடுங்கள். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை சொன்னதை அதே மைக்கில் திரும்பப் பெறுங்கள். யார் வந்து சொன்னாலும் இந்தப் பதிவை நான் எடுக்கப்போவதில்லை.