சைக்கோபில்லி: சொல் யாருடையது?

பங்க் (வேகமான, முரட்டு ராக்), ராக்கபில்லி (கன்ட்ரி இசை கலந்த 1950-களின் ராக்), பழைய ராக் அண்ட் ரோல் மூன்றையும் குழைத்து வாசிக்கும் பாணிக்குச் சைக்கோபில்லி என்று பெயர். ‘இந்தச் சொல்லை உருவாக்கியதே நியூயார்க்கின் தி கிராம்ப்ஸ் குழுதான்’ என்று ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

1976-இல் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடிய ‘ஒன் பீஸ் அட் எ டைம்’ பாட்டிலேயே இந்தச் சொல் வருகிறது. எழுதியவர் வெய்ன் கெம்ப். பாட்டில் வரும் கார் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவன் பல வருடங்களாக உதிரிபாகங்களைத் திருடி ஒட்டுப்போட்ட காருக்கு வைத்த பெயர்தான் ‘சைக்கோபில்லி காடிலாக்’. யோசித்தால், இந்த இசைக்கும் அதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது!

கிராம்ப்ஸ் அந்தச் சொல்லைத் தங்கள் விளம்பரத் துண்டறிக்கைகளில் போட்டது உண்மைதான். ஆனால் அது கூட்டம் சேர்க்கப் போட்ட வார்த்தை, புது இசைவகைக்குச் சூட்டிய பெயரல்ல என்று அவர்களே பின்னாளில் சொல்லிவிட்டார்கள்.

சரி, இதைத் தனி இசைவகையாக நிறுத்தியது யார்? 1980-இல் லண்டனில் தொடங்கிய தி மீட்டியார்ஸை முதல் சைக்கோபில்லி குழு என்று பலரும் சொல்வார்கள். அதில் இருவர் ராக்கபில்லியிலிருந்து வந்தவர்கள். டிரம்மர் பங்க் பக்கத்து ஆள்.