படிவத்தில் அடங்காத பிராணி

(தணிகாசலம், ஓய்வு பெற்ற அலுவலக எழுத்தர். மலர், விலங்கியல் படிக்கும் அவருடைய அக்காள் மகள். அவளுடைய சாலமாண்டர் பாடக்குறிப்பை ஒழுங்குபடுத்தித் தருவதாக மாமா தாமாகவே முன்வந்திருக்கிறார். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை.)

மாமா: பெயர், சாலமாண்டர். இனம், பல்லி.

மலர்: பல்லிக்குச் செதில் உண்டு, மாமா. இதற்கு ஈரத் தோல்தான். தவளைக்குத்தான் உறவு, இருவாழ்வி.

மாமா: சரி. பிறப்பு?

மலர்: பெரும்பாலும் முட்டை. நீரில் பொரிந்து வரும்போது கழுத்தின் இருபுறமும் இறகு போல் செவுள் இருக்கும். பிறகு கால் முளைக்கும். தலைப்பிரட்டைக்கு முதலில் பின்னங்கால் தெரியும், இதற்கு முன்னங்கால்.

மாமா: முன்னால் இருப்பது முன்னால் வருகிறது. முறை தெரிந்த பிராணி!

மலர்: ஆல்ப்ஸ் மலையில் ஒரு வகை முட்டையே இடாது. இரண்டு மூன்று ஆண்டு வயிற்றில் சுமந்து, பெரும்பாலும் இரண்டே குட்டி போடும்.

மாமா: மூன்று ஆண்டா? அந்த விடுப்பு விண்ணப்பத்தில் எவன் கையெழுத்துப் போடுவான்? போகட்டும். தந்தை பெயர்?

மலர்: பெரும்பாலான இனங்களில் ஆண் ஒரு விந்தணுப் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடும். பெண் அதன் மேலே ஊர்ந்து எடுத்துக்கொள்ளும்.

மாமா: நேரில் ஒப்படைக்கவில்லை. ரசீதும் இல்லை.

மலர்: வட அமெரிக்காவில் பெண்கள் மட்டுமே உள்ள ஒரு வம்சம் இருக்கிறது. அக்கம்பக்கத்து இனத்து ஆண்களின் பொட்டலத்தை எடுத்துக்கொள்ளும். சில வேளை அந்த மரபணுவைச் சேர்த்துக்கொள்ளும். சில வேளை முட்டை வளரத் தூண்டுதலாக மட்டும் வைத்துக்கொண்டு, மரபணுவை ஒதுக்கிவிடும்.

மாமா: (அடித்துவிட்டு) தந்தை பெயர், பொருந்தாது. சுவாசம்? செவுளா, நுரையீரலா?

மலர்: சிறு வயதில் செவுள், வளர்ந்ததும் நுரையீரல். ஆனால் இருக்கிற இனங்களில் பாதிக்கு மேல் நுரையீரலே இல்லாத குடும்பத்தைச் சேர்ந்தவை. தோலாலும் வாயின் உட்புறத்தாலும் மூச்சு வாங்கும்.

மாமா: நுரையீரல் இல்லாமல் எப்படியம்மா பெருமூச்சு விடும்?

மலர்: விடாது. தோல் காய்ந்தால் மூச்சே போய்விடும். அதனால்தான் கல்லுக்கும் கட்டைக்கும் அடியில் ஈரத்தில் பதுங்குகிறது. கட்டையை நெருப்பில் போட்டால் வெளியே ஓடிவரும். அதைப் பார்த்துத்தான் நெருப்பில் பிறக்கும் பிராணி என்று ஐரோப்பாவில் நம்பினார்கள் என்பார்கள்.

மாமா: பிறப்பிடம், அடுப்பு என்று எழுதவா?

மலர்: மாமா!

மாமா: அடையாளக் குறி வேண்டுமே. இடது கால் இல்லை என்பதுபோல.

மலர்: அடுத்த முறை பார்க்கும்போது இருக்கும். ஆக்சலாட்டல் என்ற வகைக்குக் கால் போனால் எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றோடும் மறுபடி முளைக்கும்.

மாமா: அதற்கு வயது வந்துவிட்டதா?

மலர்: முட்டையிடும் வயது வரும், உருவம் மாறாது. செவுளோடு தண்ணீரிலேயே காலம் தள்ளும். 1860-களில் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பிறந்தவற்றில் சில திடீரென்று செவுளைத் துறந்து, தரைவாழ் உருவத்துக்கு மாறின. ஒரே பிராணியின் இரண்டு உருவம் என்று பிரெஞ்சு விலங்கியலாளர் துமெரில் அப்போதுதான் கண்டார். தைராய்டு சுரப்பு கொடுத்தால் இப்போதும் மாறும்.

மாமா: பிறந்த தேதி ஒன்று, வளர்ந்த தேதி மருந்துச் சீட்டில். எனக்கு ரப்பர் தீர்ந்துவிட்டது. நிலையாக ஓரிடத்தில் இருக்கிற ஒன்றைச் சொல், தாயே.

மலர்: ஓல்ம் என்ற சாலமாண்டர். பால்கன் பகுதிக் குகைகளில் வாழும். பார்வை கிடையாது. உணவில்லாமல் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஆய்வாளர்கள் கண்காணித்தவற்றில் ஒன்று 2,569 நாளாக இருந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.

மாமா: (பரபரப்போடு எழுதுகிறார்)

மலர்: எதை நிரப்புகிறீர்கள்?

மாமா: உத்தியோகம். அதற்கு உன்னைக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் பிரிவில் இரண்டு பேர் இருந்தார்கள்.