மூலனின் மனைவி

"வெறும் கூடுதாம்மா இது. உயிர் எப்பவோ பறந்துடுச்சு."

போன மாசி மாதம், ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் உறவுக்காரர் ஒருவர் என் தம்பி மனைவியிடம் சொன்னது. ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் பதில் பேசவில்லை. உள்ளே போய்த் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சித்தி மகன்தான், ஆனால் எனக்குத் தம்பி என்றால் அவன்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னைத் திரும்பிப் பார்த்து, "கை சூடா இருக்கே அண்ணி" என்றாள்.

இருபது வருடத்துக்கு மேலாகப் பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். நிலையாமை அதிகாரத்தை எத்தனையோ வகுப்புக்கு விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு அவள் சொன்ன அந்த ஒரு வரிக்கு என்னிடம் பதில் இல்லை. இத்தனை மாதமாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதை இப்போதாவது எழுதிவிட வேண்டும்.

பைக் விபத்து. தலையில் அடி. மூன்றாம் நாள் மூளைச்சாவு என்றார்கள். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூச்சு விடச் சொல்லிக் கட்டளை தருவது மூளைத்தண்டு. அது செத்துவிட்டால் மனிதன் தானாக மூச்சு விடவே முடியாது. ஆனால் இதயத்துக்குத் துடிப்பைத் தரும் மின்விசை இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தும்வரை இதயம் துடிக்கும், ரத்தம் ஓடும், கை சூடாக இருக்கும். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறார்கள், காதில் குளிர்ந்த நீர் விட்டுப் பார்க்கிறார்கள். கடைசியாக வென்டிலேட்டரை விலக்கி, ஆக்சிஜன் மட்டும் போகும்படி வைத்துவிட்டு, ரத்தத்தில் கரியமில வாயு ஏறும்போதாவது மார்பு ஒரு தடவை எழும்புகிறதா என்று காத்திருக்கிறார்கள். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள் சேர்ந்து, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில், இரண்டு தடவை பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் மூச்சு நிற்பதும், உடம்பு சில்லிடுவதும், உயிர் போவதும் ஒரே நிகழ்ச்சி. மூக்கில் பஞ்சை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வென்டிலேட்டர் வந்த பிறகு இந்த மூன்றும் தனித்தனியாகிவிட்டன. ஆள் போய்விட்டான், உடம்பு சூடாக இருக்கிறது. இந்த நிலைமையை நம் ஆட்கள் யாராவது முன்னாலேயே பார்த்திருக்கிறார்களா என்று அந்த வராந்தாவில் உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது திருமந்திரம் பாடிய திருமூலரின் கதை.

பெரும்பாலோருக்குத் தெரிந்த கதைதான். கயிலையிலிருந்து பொதிகைக்கு அகத்தியரைப் பார்க்கப் போகிறார் ஒரு சிவயோகி. திருவாவடுதுறையைத் தாண்டிக் காவிரிக் கரையில் வரும்போது மாடுகள் கதறுவது கேட்கிறது. சாத்தனூர் இடையன் மூலன் செத்துக் கிடக்கிறான். மாடுகள் அவனை முகர்ந்து பார்த்துச் சுற்றிச் சுற்றி வருகின்றன. அந்தத் துயரத்தைப் பொறுக்க முடியாமல் யோகி தன் உடம்பை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு மூலன் உடம்பில் புகுந்து எழுகிறார். கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று சொல்கிறோமே, அது. மாடுகள் மகிழ்ந்து மேய்ந்து, சாயங்காலம் ஊருக்குத் திரும்புகின்றன. அவரும் பின்னாலேயே போகிறார்.

பள்ளியில் கதையை இங்கே வேகமாகக் கடந்து திருமந்திரத்துக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஆனால் பெரியபுராணத்தில் இந்தக் கதையைச் சொல்லும் சேக்கிழார் அவ்வளவு வேகமாகக் கடக்கவில்லை. இருட்டியும் புருஷனைக் காணோமே என்று மூலனின் மனைவி தேடி வருகிறாள். எதிரில் அவன் நிற்கிறான். தொடப் போகிறாள். உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்று விலகி, அங்கிருந்த மடத்துக்குள் போய்விடுகிறார். அவள் அன்றிரவு முழுக்கத் தூங்கவில்லை. காலையில் ஊராரைக் கூட்டி வருகிறாள். அவர்கள் பார்த்துவிட்டு, இது பித்தும் அல்ல வேறொன்றும் அல்ல, இவர் யோகத்தில் இருக்கிறார், இனி உன்னிடம் வர மாட்டார் என்று சொல்லி அவளை அழைத்துப் போகிறார்கள். அவள் பெயர் என்ன என்று சேக்கிழார் சொல்லவில்லை.

அதே முகம், அதே கை, அதே தழும்புகள். சூடான உடம்பு. புருஷன் இல்லை. அன்று வராந்தாவில் நான் பார்த்ததும் இதுதான். உயிர் வேறு உடம்பு வேறு என்று தத்துவம் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தப் பெண்ணின் ஒரு ராத்திரியை நினைத்துப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது அந்தக் 'கூடு'க்கு வருகிறேன்.

"குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" என்பது குறள். குடம்பை என்ற சொல்லுக்குக் கூடு என்றும் பொருள் உண்டு, முட்டை என்றும் பொருள் உண்டு. பறவை கூட்டை விட்டுப் பறந்தது போல என்றே பேச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் அதை மறுக்கிறார். கூடு பறவையோடு சேர்ந்து தோன்றுவதில்லை, பறவை கூட்டுக்குத் திரும்பியும் வரும், ஆகவே உடம்புக்குக் கூடு உவமை ஆகாது, முட்டை என்பதே சரி என்கிறார். எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருக்கிறார்! ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். அறிவுள்ள, அழியாத உயிரும் அறிவில்லாத, அழியும் உடம்பும் ஒன்றுக்கொன்று மாறானவை, வினையால் சேர்ந்தவை, ஆகவே 'நட்பு' என்று வள்ளுவர் சொன்னது நட்பின்மையைக் குறிப்பாகக் காட்டத்தான் என்கிறார்.

இந்த இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. முட்டைக்குள் குஞ்சு வளரும்போது அதன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தில் பெரும்பகுதியை ஓட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஓடு உள்பக்கமாகக் கரைந்து மெலிகிறது. எலும்பு இறுகுகிறது. பிறகு அந்த மெலிந்த ஓட்டை உடைத்துக்கொண்டு குஞ்சு வெளியே வருகிறது. பறந்து போன பறவை எங்கே போனாலும் அதன் எலும்பில் அந்த ஓடு இருக்கிறது. இதற்கு நட்பு என்று பெயரில்லை என்றால் வேறு எதற்கு? வள்ளுவர் அந்தச் சொல்லை நேராகவே சொன்னார் என்றுதான் நான் படிக்கிறேன்.

திருமூலரும் எனக்குத் துணையாக நிற்கிறார். "உடம்பார் அழியில் உயிரார் அழிவர்" என்று பாடியவர் அவர். உயிருக்கு 'ஆர்' விகுதி கொடுத்து மரியாதை செய்தவர் உடம்புக்கும் அதே மரியாதையைத் தருகிறார். அடுத்த பாட்டில், உடம்பை முன்பு இழுக்கு என்று நினைத்திருந்தேன், பிறகு அதற்குள் உறுபொருளைக் கண்டேன் என்கிறார். இதை யாருடைய உடம்பில் இருந்துகொண்டு சொல்கிறார் என்று யோசியுங்கள். அவர் பத்திரமாக வைத்துவிட்டு வந்த சொந்த உடம்பு திரும்பிப் போனபோது அங்கே இல்லை. மிச்சக் காலம் முழுக்க அவர் இருந்தது ஒரு மாடு மேய்ப்பவனின் உடம்பில். திருமந்திரம் மூலனின் நாக்கில் பிறந்தது.

சைவ சித்தாந்த ஆசான் மெய்கண்டார் இதற்கு எதிர்ப்பக்கம் வலுவான ஒரு வாதம் வைத்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில், உடம்புக்குள் ஆன்மா தனியாக உண்டு என்பதற்கு அவர் தரும் காரணங்களில் ஒன்று "எனது உடல் என்றலின்". என் வீடு, என் மாடு என்பது போல என் உடல் என்கிறோமே, அப்படியானால் 'நான்' வேறு யாரோ என்று அர்த்தம். அழகான வாதம். ஆனால் 'என் உயிர் போகுது' என்றும்தானே சொல்கிறோம், அப்போது நான் உயிரும் அல்லவா? அதோடு, காய்ச்சல் வந்தால் "எனக்கு உடம்பு சரியில்லை" என்கிறோம். கோளாறு உடம்பில், அனுபவம் எனக்கு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது இந்தத் தமிழ் வாக்கியம். ஆன்மா இல்லை என்று நான் வாதாட வரவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. உடம்பைச் சட்டை மாதிரி கழற்றிப் போட்டுவிட்டுப் போகிற ஒன்று அது என்பதில்தான் நம்பிக்கை இல்லை.

மற்ற மதத்தவர்களும் இதில் திணறித்தான் இருக்கிறார்கள். செயற்கைச் சுவாசம் பற்றி மருத்துவர்கள் கேட்டபோது, மரணம் எந்தக் கணத்தில் நிகழ்ந்தது என்று தீர்மானிப்பது மருத்துவரின் பொறுப்பு என்றார் போப் பன்னிரண்டாம் பயஸ். அது 1957. இஸ்லாமியச் சட்ட அறிஞர்களின் சர்வதேசப் பேரவை 1986இல் அம்மான் நகரில் கூடி மூளைச்சாவை மரணமாக ஏற்றது. ஏற்காத அறிஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஜப்பானில் மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க 1997இல்தான் சட்டமே வந்தது. அதுவும் இறந்தவர் தன் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு. குடும்பத்தின் சம்மதம் போதும் என்ற மாற்றம் 2010இல்தான் நடைமுறைக்கு வந்தது. இவ்வளவு தயங்கியதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. சூடான ஒரு கையைப் பிடித்துக்கொண்டு முடிவெடுக்கிற விஷயம் இது.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். உறுப்பு தானம் பற்றிப் பேச ஒரு பெண் வந்தார். பெரியப்பாதான் முதலில் எழுந்தார். "முழுசா அனுப்பணும்மா அவனை" என்றார். தினமும் தேவாரம் படிக்கிற மனிதர். நான் அவரோடு வாதாடவில்லை. மூலன் கதையைச் சொல்லி, "அந்த உடம்பு இரவலா கிடைக்கலேன்னா திருமந்திரம் ஏது பெரியப்பா?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். விடியற்காலையில் அவராகவே வந்து, "கண்ணப்பன் தன் கண்ணையே தோண்டி அப்புனானே. ஊனுக்கு ஊன்னு பெரியபுராணத்துல இருக்கு" என்றார். அவருக்கு முடிவு கிடைத்துவிட்டது.

அவளுக்குத்தான் கடினம். இரண்டாவது சோதனை முடிந்த பிறகு, "குடுத்துடலாம் அண்ணி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "கண்ணை மட்டும் வேணாம்" என்றாள். கருவிழியை எடுப்பதால் முகம் மாறாது என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்குப் பார்வை கிடைத்திருக்கும் என்பதும் தெரியும். கண்ணப்பர் கதை ஒரு சுவர் தாண்டித்தான் உட்கார்ந்திருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று திறக்காததற்கு இன்றும் வருந்தவில்லை. அவளோடு பேசியது, கோபித்தது, சிரித்தது எல்லாம் அந்தக் கண்கள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க முடியாது என்பதற்கான கோட்டை அவள்தான் போட முடியும்.

உறுப்பு தானம் செய்பவர்களின் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எங்கள் தெருவுக்கும் அதிகாரிகள் வந்து மாலை வைத்தார்கள். அரசாங்கம் செய்கிற காரியங்களில் இதை மனதார மதிக்கிறேன். வெறும் கூட்டுக்கு யாரும் மாலை வைப்பதில்லை.

இதனால்தான் கேட்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற குடும்பத்திடம் போய் அது வெறும் கூடு, பழைய சட்டை என்றெல்லாம் சொல்லாதீர்கள். தானம் கேட்கிறவர்களும் சொல்ல வேண்டாம். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் பலர் பயந்து பின்வாங்குகிறார்கள். உயர்ந்த பொருள் என்பதால்தானே கேட்கிறீர்கள், அப்படியே சொல்லிக் கேளுங்கள்.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். உறுப்புகள் யாருக்குப் போயின என்று நமக்குச் சொல்ல மாட்டார்கள். அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "அந்தக் கல்லீரல் வாங்கினவங்க இப்ப சாப்பிட்டிருப்பாங்களா அண்ணி?" என்று கேட்டாள். மணி பார்த்தேன். ஒன்றரை. "சாப்பிட்டிருப்பாங்க" என்றேன். கீரையை அலசப் போனாள்.