பேஸ்மென்டில் ஏழு பேர், வாசலில் கையெழுத்து வேட்டை

போன ஞாயிறு பின்னேரம், கனடாவில் ரொறொன்ரோவின் கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில் இருக்கிற எங்கள் வீட்டுக் கதவு மணி அடித்தது. நாலு வீடு தள்ளி இருக்கிற அண்ணை. கையில் ஒரு தாள், அதில் ஏற்கெனவே முப்பது கையெழுத்துக்கு மேல்.

"பிள்ளை, இதில ஒரு கையெழுத்துப் போடும். ஆறு குடும்பம் இருக்கிற வீட்டை எங்கட பக்கம் கட்ட விட்டால் தெரு தெருவா இராது."

வாசித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கையெழுத்தில்லாத அதே தாள் ஒன்றைத் தந்து, அடுத்த ஞாயிறு வந்து வாங்குகிறேன் என்று போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. இதை எழுதித் தீர்க்காமல் நித்திரை வராது போலிருக்கிறது.

அந்த அண்ணையின் வீட்டுப் பக்கக் கதவைத் தினமும் கடந்துதான் பஸ்ஸுக்குப் போகிறேன். அந்தக் கதவடியில் ஏழு சோடி சப்பாத்து கிடக்கும். பனிக்காலத்தில் றோட்டு உப்புப் படிந்து வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருக்கும். ஏழும் மாணவர்களுடையவை. பேஸ்மென்டை மூன்று அறையாகப் பலகை அடித்துத் தடுத்து, ஆளுக்கு 600 டொலர் வாங்குகிறார். ரசீது இல்லை, காசாகத்தான் கொடுக்கவேண்டும். ஒருநாள் அங்கே இருக்கிற பிள்ளை ஒன்று காய்ச்சலில் கிடக்கிறதென்று ரசம் கொண்டுபோனேன். படுக்கைக்கு மேலே இருந்த ஜன்னலைப் பார்த்தேன். தலை நுழையும், தோள் நுழையாது. வெளியேற இருப்பது ஒரே படிக்கட்டு, அதுவும் அடுப்பைத் தாண்டித்தான் போகிறது. தீப்பிடித்தால் அந்தப் பிள்ளை எங்கே ஓடும்?

இந்த வீட்டுக்காரர்தான் என் வாசலில் நின்று, ஒரு காணியில் ஆறு குடும்பம் இருந்தால் தெரு கெட்டுப்போகும் என்கிறார்.

ஸ்காபரோவில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கதை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரொறொன்ரோ நகரின் குடியிருப்பு நிலத்தில் கிட்டத்தட்ட 70 வீதம் நெடுங்காலமாகத் தனிவீட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. நகரத் திட்ட வரைபடத்தில் அந்த இடமெல்லாம் மஞ்சளாக இருக்கும். ஒரு காணி, ஒரு வீடு, ஒரு குடும்பம் என்பதுதான் அதன் அடிப்படையாக இருந்தது. இது இன்று நேற்று வந்த மனநிலையும் அல்ல. 1912இலேயே இந்த நகரம் பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களில் தொடர்மாடி வீடுகளைத் தடைசெய்தது. அப்புறம் 2023 மே மாதம்தான், நகரம் முழுவதும் ஒரு காணியில் நாலு குடியிருப்பு வரை கட்டலாம் என்று மாநகரசபை விதியை மாற்றியது. 2025 ஜூனில் அதை ஆறாக்கும் பிரேரணை வந்தது. மத்திய அரசு வீட்டு நிதியாக 47 கோடியே 10 இலட்சம் டொலர் தர ஒப்புக்கொண்டபோது நகரம் கொடுத்த வாக்குகளில் ஆறு குடியிருப்பு விஷயமும் இருந்தது. அப்படியிருந்தும் சபையில் இழுபறிதான். கடைசியில் 1998க்கு முன் தனி நகரமாக இருந்த பழைய ரொறொன்ரோ, ஈஸ்ட் யோர்க் பகுதி வட்டாரங்களுக்கும், ஸ்காபரோ வடக்கு என்கிற 23ஆம் வட்டாரத்துக்கும் மட்டும் ஆறு என்று முடிந்தது. மற்ற வட்டாரங்கள் விரும்பினால் பிறகு சேரலாமாம்.

எங்கள் வட்டாரம் அதில் இல்லை. இனிமேலும் சேர்ந்துவிடக்கூடாது என்பதற்குத்தான் இந்தக் கையெழுத்து.

போன மாதம் சமூக மண்டபத்தில் இதைப்பற்றி ஒரு கூட்டம் நடந்தது. நானும் போயிருந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் தமிழ் ஆட்கள். ஒருவர் எழும்பி, "வாடகைக்கு இருக்கிற ஆட்கள் வந்தால் தெருவின்ரை தரம் குறையும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. ஏனென்றால் அந்த மனுசனை எனக்கு 1991இலிருந்து தெரியும். நாங்கள் எல்லோரும் அப்போது ரொறொன்ரோவில் சென்ட் ஜேம்ஸ் டவுன் என்கிற தொடர்மாடிப் பகுதியில் இருந்தோம். இரண்டு அறை வீட்டில் ஒன்பது பேர். இரவு வேலைக்குப் போகிறவர் எழும்பிய பாயில் பகல் வேலை முடித்தவர் படுப்பார். பாத்திரம் கழுவிய காசில் ஊருக்கு அனுப்பி, கனடா வர ஏஜென்சிக்குப் பட்ட கடன் கட்டி, சீட்டுப் பிடித்து, பிறகுதான் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ட், அதற்குப் பிறகு ஒரு பங்களோ, அதாவது மாடியில்லாத தனிவீடு. எங்களை யார் உள்ளே விட்டார்கள்? தங்கள் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்குத் தந்த இத்தாலியரும் கிரேக்கரும்தான் விட்டார்கள். அவர்கள் அன்றைக்குத் தெருவின் தரம் என்று கதவைச் சாத்தியிருந்தால் இன்றைக்கு இந்த மண்டபத்தில் நின்று கதைக்க எங்களுக்கு ஒரு முகவரி இருந்திருக்குமா? வாடகைக்கு இருந்த ஆட்கள் என்றால் அது நாங்கள்தானே!

மண்டபத்தில் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கார் நிறுத்த இடம் இருக்காதாம். இப்போதே அண்ணை வீட்டு வாசலில் நாலு கார் நிற்கிறது, ஒன்று நடைபாதையை மறித்தபடி. மரம் போய்விடுமாம். எங்கள் தெருக்கோடியில் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பங்களோவை இடித்து, இருந்த மேப்பிள் மரத்தையும் தறித்து, நாலாயிரம் சதுர அடியில் ஒரு மாளிகை எழும்பியது. கல் பதித்த முற்றம், மூன்று கராஜ் கதவு, தூண் வைத்த வாசல். அதில் இருப்பது மூன்று பேர். அப்போது ஒருத்தரும் தாளைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. வீடுகுடிபூரலுக்குப் போய் வடை சாப்பிட்டுவிட்டு, "நல்ல வடிவாக் கட்டியிருக்கினம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அதே காணியில், அதே உயரத்தில், அதே சுவர்களுக்குள்ளே நாலு குடும்பம் இருந்தால் மட்டும் வடிவு கெட்டுப்போகுமா?

ஒன்றை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன், அது கழிவுநீர்க் குழாய். 2024 ஜூலை மழையில் எங்கள் பேஸ்மென்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. கம்பளத்தைச் சுருட்டி வெளியே இழுத்துப்போட்டு, அம்மாவின் பழைய அல்பத்தை ஹெயர் டிரையரால் காயவைத்த ஆள் நான். அந்தப் பயம் நியாயமான பயம். ஆனால் அதற்குக் குழாயைப் பெரிதாக்கு, முற்றத்துக்குச் சீமெந்து போடாதே என்று நகரசபையைப் பிடித்து உலுக்கவேண்டும். குடும்பங்களை வராதே என்று தடுப்பதால் மழை குறைந்துவிடாது.

நாலு வீடு வந்த உடனே வாடகை விழுந்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. புதிதாகக் கட்டுகிற வீட்டின் வாடகை கூடத்தான் இருக்கும். ஆனால் 2021 கணக்கெடுப்பில் கிட்டத்தட்ட 28 இலட்சம் பேர் இருந்த நகரம் இது, இன்றைக்கு 30 இலட்சத்துக்கு மேல் என்கிறது மதிப்பீடு. இத்தனை பேரும் எங்கே இருப்பது? பெருந்தெரு ஓரத்தில் நாற்பது மாடி எழுப்பி, அதில் கட்டில் போட்டால் கதவு திறக்காத அறைகளுக்குள் அடைத்துவிட்டு, அடுத்த தெருவுக்குள் ஒரு மாற்றமும் வரக்கூடாது என்றால் என்ன ஞாயம்?

அதைவிட என்னைக் கொதிக்கவைக்கிறது வேறு. சட்டப்படி கட்டுவதைத் தடுத்தால் சனம் வராமல் விடாது, அண்ணையின் பேஸ்மென்ட் மாதிரி இடத்துக்குத்தான் வரும். இதை ஸ்காபரோ ஏற்கெனவே அனுபவித்தது. ஒவ்வொரு அறையாக வாடகைக்கு விடும் வீடுகள் இங்கே 2024 மார்ச் 31 வரைக்கும் சட்டவிரோதம். அதுவரை பழைய ரொறொன்ரோவில் அனுமதி இருந்தது, ஸ்காபரோவில் இல்லை. 1998இல் நகரங்களை ஒன்றாக்கியும் இந்த விதியை மட்டும் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அப்படியே விட்டார்கள். தடைபோட்டதால் அந்த வீடுகள் இல்லாமல் போயினவா? பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றித் தெருத்தெருவாக இருந்தன, ஒளித்து இருந்தன. 2018இல் அப்படி ஒரு வீட்டில் தீப்பிடித்து ஒரு மாணவி இறந்துபோனாள். படிக்க வந்த பிள்ளை. அந்தச் செய்தியை வாசித்த இரவு, என் மகளின் அறையில் புகை அலாரம் வேலைசெய்கிறதா என்று இரண்டு தரம் அமத்திப் பார்த்தேன்.

நாலு குடியிருப்பு, ஆறு குடியிருப்பு என்று சட்டப்படி கட்டினால் ஒவ்வொன்றுக்கும் ஆள் வெளியேறக்கூடிய வழி வேண்டும், தீ தாங்கும் தடுப்பு வேண்டும், பரிசோதகர் வந்து பார்க்கவேண்டும், ஒப்பந்தத்தில் பெயர் இருக்கவேண்டும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் ஹீட்டர் வேலைசெய்யவில்லை என்று பயமில்லாமல் சொல்லலாம். அதைத்தான் வேண்டாம் என்று கையெழுத்து வாங்குகிறார்கள்.

என் மகளுக்கு இப்போது 27. இதே ஸ்காபரோவில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கே ஆஸ்பத்திரியில் வேலைசெய்கிறாள். அவளும் மருமகனும் நகருக்கு வெளியே கிழக்கே ஒஷாவாவில் இருக்கிறார்கள், ஏனென்றால் நாங்கள் 2003இல் 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு வாங்கிய பங்களோ மாதிரி ஒன்றுக்கு இப்போது பத்து இலட்சத்துக்குக் கிட்டக் கேட்கிறார்கள். இரவு வேலை முடித்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் ஓட்டிப்போகிறாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து குறுஞ்செய்தி அனுப்பும்வரை நான் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடப்பேன். என் கணவருக்கு முழங்கால் போய்விட்டது, படி ஏற முடியாது. எங்கள் காணியிலேயே கீழே நாங்கள், மேலே அவள், இன்னும் இரண்டு குடும்பம் என்று கட்டலாமா என்று வரைபடம் கீறுகிற ஒருவரிடம் கேட்டுப் பார்த்தோம். கட்டலாம், சட்டம் விடுகிறது என்றார். அதைத் தெருவில் வாய்தவறிச் சொன்ன நாளிலிருந்து இரண்டு வீட்டுக்காரர் எங்களோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. இருபது வருடம் ஒன்றாகப் பனி தள்ளின அயலவர்கள்.

ஊரில் ஒரு வளவுக்குள் தாய் வீடு, அக்கா வீடு, சித்தி வீடு என்று இருந்து, ஒரே கிணற்றில் அள்ளிக் குளித்து வளர்ந்த சனம் நாங்கள். எங்களுக்கா ஒரு காணியில் நாலு அடுப்பு எரிவது பிடிக்காமல் போனது?

அந்தத் தாள் சமையலறை மேசையில் உப்புப் போத்தலுக்குக் கீழே கிடக்கிறது. ஞாயிறு அண்ணை வருவார். வெறுந்தாளாகத்தான் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். கொடுத்துவிட்டு, அந்தப் பக்கக் கதவடியில் கிடக்கிற ஏழு சோடி சப்பாத்தும் ஆருடையது அண்ணை என்று, அவர் முகத்தைப் பார்த்தே கேட்கப்போகிறேன்.