ஒரு நிமிடம் மூச்சை எண்ணியிருக்கலாம்

வயிற்று வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய், கேஸ் டிரபிள் என்று அனுப்பப்பட்டு இறந்துபோன தங்கச்சிமடம் அண்ணன் விஷயத்தில் நேற்றிலிருந்து வரும் விளக்கங்களைப் படித்து மனசு ஆறவில்லை. "கேஸ் டிரபிள் மாதிரிதான் இருந்துச்சு" என்கிறார்கள். சரி, மூச்சை எண்ணினீர்களா? ஆஸ்பத்திரி சீட்டில் நாடி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது. மூச்சுக்கான இடம் காலி.

வயிற்றுக்குள் ஓட்டை விழுந்து சீழ் பரவும்போது மூச்சுதான் பல நேரம் முதலில் காட்டிக்கொடுக்கும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. நோயாளி மோசமாகிறாரா என்று முன்கூட்டியே எச்சரிக்க பிரிட்டனில் 2012-இல் வந்த 'நியூஸ்' மதிப்பெண் முறையில் மூச்சு 25-ஐத் தொட்டாலே 3 மதிப்பெண். ஆக்சிஜன், நாடி, பிரஷர், காய்ச்சல், நினைவு எல்லாம் கூட்டி 7 வந்தால் உயிருக்கு ஆபத்து என்று ஓட வேண்டும். இதற்கு ஸ்கேன் வேண்டாம். கடிகாரம் போதும்.

எங்கள் அப்பாவுக்கும் இதே கதைதான். கடலிலிருந்து வந்த ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். விடியும்போது "வலி தேவலை" என்றார். அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார். அல்சர் ஓட்டையானால் சில மணி நேரம் கழித்து வலி கொஞ்சம் தணிவது உண்டு. வயிற்றுக்குள் ஊறும் நீர் அமிலத்தின் வீரியத்தைக் குறைத்துவிடும். எங்களுக்கு அது எங்கே தெரியும்? அசையாமல் கிடந்தவரை அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிட்டோம். கிட்னிக் கல் வலி வந்தவர் உருளுவார். வயிறு முழுக்கச் சீழ் பிடித்தவர் அசையவே பயப்படுவார். மதுரையில் இறக்கியபோது மூச்சு 28, நாடி 124, பிரஷர் 96. அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அந்த மூன்றுக்கே 7.

"ராத்திரி ஒரே சிஸ்டர், அத்தனை கூட்டம்" என்பீர்கள். தெரியும், அவர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஒரு நிமிடம்தானே? "மதிப்பெண் குறைவாக இருந்தாலும் ஆபத்து இருக்கலாம், சர்க்கரைக்காரர்களுக்கும் வயசானவர்களுக்கும் ஓட்டை விழுந்தாலும் வயிறு பலகையாக இறுகாமலே போகலாம்" என்று ஒரு டாக்டர் தம்பி எழுதியிருந்தார். உண்மை, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பாமல் உட்கார வைத்து மறுபடி எண்ணச் சொல்கிறேன். "நீ என்ன டாக்டரா?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்ல? பாம்பன் பாலத்திலிருந்து பரமக்குடி, மானாமதுரை தாண்டுகிற வரை அப்பாவின் தலையை மடியில் வைத்திருந்தவன் நான்.

அன்று பிழைத்துக்கொண்ட அப்பா, நேற்று அண்ணனின் அடக்கத்துக்குப் போய் வந்ததிலிருந்து சாப்பிடவில்லை. "அவனுக்கு மூச்சை எண்ணிப் பார்த்தாங்களாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.