இன்டர்ஸ்டேட் இல்லை, இன்டெஸ்டேட்!

தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளையில் குடியிருப்பவனுக்கு 'இன்டர்ஸ்டேட்' என்றால் பஸ், செக்போஸ்ட், பெர்மிட். சரி, அதற்காகச் செத்துப்போனவரையுமா இன்டர்ஸ்டேட் ஆக்குவது?

உயில் எழுதாமல் இறந்தவரை ஆங்கிலச் சட்டத்தில் 'இன்டெஸ்டேட்' என்பார்கள். நடுவில் 'ர்' கிடையாது. இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? பத்திரம் எழுதுகிற இடத்தில் பையன் கேட்கிறான்: "அப்பா இன்டர்ஸ்டேட்டா இறந்தாருன்னு போடட்டா அண்ணே?" பக்கத்தில் நின்ற பெரியவர், "ஆமா மக்கா, கேரளாவுல பாறசாலையிலயும் கொஞ்சம் நிலம் கிடக்குல்லா" என்று தலையாட்டுகிறார். நிலம் எந்த மாநிலத்தில் கிடந்தால் என்ன? நாகர்கோவிலிலேயே பிறந்து, அங்கேயே வீடு வாங்கி, உயில் இல்லாமல் போனவரும் இன்டெஸ்டேட்தானே!

எல்லா வினையும் பிரிக்கிற இடத்தில். 'இன்டெ-ஸ்டேட்' என்று வெட்டினால் ஸ்டேட் வந்து உட்காரத்தான் செய்யும். இன்-டெஸ்-டேட். அழுத்தம் நடுவில் இருக்கிற டெஸ் மேல். 'இன்' என்றால் இல்லை. மீதி, சாட்சி சொல்வது, உயில் எழுதுவது என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. டெஸ்டமென்ட், டெஸ்டேட்டர் எல்லாம் அதே குடும்பம். இதில் மாநிலம் எங்கே வந்தது?

இன்டெஸ்டேட் என்ற சொல் 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது, 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8ஆம் பிரிவிலும் இருக்கிறது. எடுத்துப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பேச்சோடு போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனுவிலும் அப்படியே டைப் அடித்துவிட்டு, கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போடவில்லை, அதனால் சரி என்கிறார்கள்! இன்டர்ஸ்டேட்டும் ஒரு சொல் என்பதால்தானே கோடு விழவில்லை?