டர்போ கார், ரீமேப், ஆர்சி அட்டையின் பின்பக்கம்

டர்போ பெட்ரோல் கார் வாங்குகிற தம்பிகள் முதல் சர்வீஸ் முடிவதற்குள் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள்: "அண்ணா, ஸ்டேஜ் ஒன் போட்டுக்கொள்ளலாமா?" பாகம் எதையும் மாற்றாமல், இன்ஜின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியைக் கூட்டும் ரீமேப்பின் முதல் படி அது. போட்டுக் கொடுக்கிற கடைக்காரர் "ஒன்றும் ஆகாது" என்று முன்பே சொல்லி அனுப்பியிருப்பார். எதற்கு ஒன்றும் ஆகாது என்பதை மட்டும் சொல்லியிருக்க மாட்டார். இன்ஜினுக்கா, கியர்பாக்ஸுக்கா, வாரன்டிக்கா, ஆர்சிக்கா?

ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். டர்போ இல்லாத இன்ஜினில் பத்துக் குதிரைத்திறன் கூட்ட வேண்டுமென்றால் கேம்ஷாஃப்டை மாற்று, ஹெட்டைக் கழற்று என்று பாதி இன்ஜினைப் பிரித்துப் போட வேண்டும். டர்போவில் அந்தப் பாடே இல்லை. வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்றுகிறது. அது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தம் என்பதை, புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற வால்வு வழியாக, இன்ஜினின் கணினியான ஈசியூ தீர்மானிக்கிறது. அந்த ஈசியூவை வசப்படுத்திவிட்டால் போதும். மெக்கானிக் கோளாறு பார்க்கிற ஓபிடி சாக்கெட்டில் ஒயரைச் செருகி, பேட்டரி வோல்டேஜ் நடுவில் இறங்கிவிடாமல் சார்ஜரையும் மாட்டி (இறங்கினால் ஈசியூ பாதி எழுத்தோடு செத்துக் கிடக்கும்), லேப்டாப்பிலிருந்து புது ஃபைலை ஏற்றுகிறார்கள். கையில் ஒரு பொட்டு கிரீஸ் படாமல் ஐந்தில் ஒரு பங்கு சக்தி கூடிவிடுகிறது. யாருக்குத்தான் கை துறுதுறுக்காது?

ஆனால் கூடிய சக்தி சக்கரத்துக்குப் போகும் வழியில் ஒரு கியர்பாக்ஸ் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் விர்டுஸ், டைகுன், ஸ்லாவியா, குஷாக் நான்கு கார்களிலும் வரும் 1.5 டிஎஸ்ஐ இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுப்பது 150 பிஎஸ் குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. அதோடு இணைந்து வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், எண்ணெயில் ஊறாத உலர் கிளட்ச் கொண்ட டிக்யூ200 என்ற மாடல். அதன் அதிகபட்சத் தாங்குதிறனும் அதே 250தான். ஷோரூமிலிருந்து வெளியே வரும்போதே எல்லைக் கோட்டில் நிற்கிற கியர்பாக்ஸ் அது. அதன் தலையில் இன்னும் ஐம்பதை ஏற்றிவிட்டு, பிறகு அவினாசி சாலை நெரிசலில் முதல் கியரில் கார் உதறுகிறது என்று கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை. வாரன்டி கேட்டுப் போனால் அங்கே வேறொரு பதில் காத்திருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கணினி, ஈசியூ மென்பொருள் மாற்றப்பட்டதைக் கண்டுகொண்டால் அந்த காரின் பெயரில் டிடி1 என்ற அடையாளத்தைக் குறித்துவிடும்; வாரன்டிக்குச் சிக்கல் அங்கேதான். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றிவிட்டேன் என்று சத்தியம் செய்தாலும் அது அழியாது.

இதெல்லாம் அவரவர் பணம், அவரவர் கியர்பாக்ஸ். சட்டம் அப்படியல்ல.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சி விவரங்கள் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிக் கட்டியது. தயாரிப்பாளரின் அடிப்படை வடிவமைப்பை உரிமையாளர் மாற்ற முடியாது என்றது. "அண்ணா, குதிரைத்திறன் ஆர்சியிலேயே இல்லையே" என்று சட்டம் பேசுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது தருகிற பிளாஸ்டிக் அட்டையைத் திருப்பி, இன்ஜின் கொள்ளளவைக் காட்டும் கியூபிக் கெப்பாசிட்டிக்குப் பக்கத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று படித்துவிட்டு வாருங்கள்.

அதே 2019இல் வந்த திருத்தம் 182ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய், அல்லது இரண்டும். இதில் 'உரிமையாளர்' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. லேப்டாப்பை மூடிவிட்டு ஜிபேயில் பணம் வாங்கிக்கொண்டவர் மேல் இந்த வரி பாயாது. உங்கள் மேல்தான் பாயும். இன்ஷூரன்ஸ் கதையும் இதை ஒட்டியதுதான். சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால், சொந்தச் சேதத்துக்கான கிளெய்ம் தகராறாகிவிடும்.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. 'கூடாது' என்பதோடு நின்றுவிடுகிறது, சக்தி கூட்டும் மாற்றங்களுக்கு 'இப்படிச் செய்தால் ஆகும்' என்று ஒரு கதவைத் திறந்து வைக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு சைலன்சரோ சஸ்பென்ஷனோ சோதனைச் சான்றோடு விற்பனைக்கு வருகிறது. மாட்டியபின் வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் டியூவி போன்ற நிறுவனத்தில் காட்டி, தேவையானால் வாகன ஆவணத்தில் பதிந்துகொண்டு ஆட்டோபானில் நிம்மதியாகப் போகலாம். காற்று மாசில் கறாரான கலிபோர்னியாவிலேயே, புகையளவைக் கூட்டாது என்று மாநில வாரியம் ஒப்புக்கொண்ட பாகத்துக்கு ஓர் ஆணை எண் கிடைக்கிறது. புகைச் சோதனைக்காரர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்.

நம் ஊரில் முடியாதா? ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். பெட்ரோல் கார் ஒன்றை சிஎன்ஜிக்கு மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட கிட் இருக்கிறது, புணேயில் ஏஆர்ஏஐ போன்ற சோதனை அமைப்பு இருக்கிறது, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் ஏற்றிக்கொள்ளும் நடைமுறையும் இருக்கிறது. டிக்கியில் அழுத்த வாயு சிலிண்டரைப் பொருத்துவதற்கே வழி செய்த அரசு, சோதித்துப் பார்த்த ஓர் இன்டர்கூலருக்கும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) அளவான ரீமேப்புக்கும் வழி செய்ய முடியாது என்றால் அதை நான் நம்பத் தயாரில்லை. கட்டணம் போடட்டும், பிரீமியத்தை ஏற்றட்டும், ஆண்டுக்கொரு முறை சோதனைக்கு வரச் சொல்லட்டும். கட்டுவதற்கு ஆள் இருக்கிறது.

அந்தக் கதவு திறக்காமல் இருப்பதற்கு நம் ஆட்களும் ஒரு காரணம். ஸ்டேஜ் டூ என்ற பெயரில் நடப்பதைக் கிட்டே நின்று பாருங்கள். டர்போவை ஒட்டி இருக்கும் டவுன்பைப் என்ற புகைக்குழாயைக் கழற்றுகிறார்கள். அதற்குள் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்தான் புகையின் நச்சைக் குறைப்பது; தேன்கூட்டுத் துளைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய செராமிக் கட்டை. அது போய்விட்டு வெறும் ஸ்டீல் குழாய் வருகிறது. பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் "கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை" என்று முறையிடும். அதன் வாயையும் மென்பொருளில் அடைத்து, டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு எரியாமல் செய்துவிடுகிறார்கள். பிறகு புகைச் சான்று தரும் பியூசி மையத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்று பெருமை வேறு. பியூசி சோதனையோ வண்டியை நிறுத்தி வைத்து எடுப்பது. டர்போ முழு மூச்சில் ஊதும்போது என்ன வெளியே வருகிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது.

இதற்கு என்னிடம் எந்த வக்காலத்தும் கிடையாது. பிஎஸ்6 காருக்குக் கூடுதல் விலை கொடுத்து வாங்கி, அந்தக் கூடுதல் விலைக்கான பொருளையே வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவர் முகத்தில் ஊதிக்கொண்டு போவதற்குப் பெயர் ஆர்வம் அல்ல, திமிர். ராத்திரி பதினொரு மணிக்குக் குடியிருப்புத் தெருவில் வெடி வெடித்தாற்போல் எக்ஸாஸ்ட்டைச் சத்தம் போட வைக்கிறவரும் இதே கணக்கில் சேர்த்தி. பிரிவு 190இன்படி ஒலி, புகை மாசுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். அதை முழுசாகப் போட்டால் நான் கைதட்டுவேன்.

கேட்கிற தம்பிகளுக்கு இப்போதைக்கு என் பதில் இதுதான். நல்ல டயர், கம்பெனி அனுமதித்த அளவுக்குள். நல்ல பிரேக் பேடு, புது பிரேக் ஆயில். சொன்ன கிரேடு இன்ஜின் ஆயிலைச் சொன்ன நேரத்துக்கு முன்பே மாற்றுவது. சிறிய டர்போ இன்ஜினை டாப் கியரில் குறைந்த ஆர்பிஎம்மில் வைத்து ஆக்சிலரேட்டரை அமுக்காமல் இருப்பது, ஏனென்றால் நேரத்துக்கு முன்பே தீப்பற்றி பிஸ்டனை உடைக்கும் நோய் அங்கேதான் வருகிறது. இவ்வளவும் செய்த பிறகும் அரிப்பு அடங்கவில்லை என்றால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத் தடம் இருக்கிறது, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990இலிருந்து ஒரு டிராக் இருக்கிறது. அதற்கென்றே ஒரு பழைய காரை வாங்கி, என்ன வேண்டுமானாலும் மாட்டி, டிரக்கில் ஏற்றிக்கொண்டு போங்கள். புது காரை ரீமேப் செய்வதை விடச் செலவு கொஞ்சம் கூடும், சந்தோஷம் நிறையக் கூடும்.

டவுன்பைப் படத்தை இன்பாக்ஸில் அனுப்பி "இது நல்ல பிராண்டா அண்ணா" என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் நான் பதில் போடுவதில்லை.